40 மி.மீ. தாழ்த்தினால் தினசரி ஓட்டத்துக்கு என்ன ஆகும்?

கேள்வி, பிப்ரவரி 4

முன்னால் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக நிற்கும் அமைப்பு), பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் முறுக்குச் சட்டம்) உள்ள ஹேட்ச்பேக். தினமும் வேலைக்குப் போய் வருவது இதே வண்டியில்தான். வளைவில் ரொம்பச் சாய்கிறது. டயருக்கும் வீல் ஆர்ச்சுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியும் கண்ணை உறுத்துகிறது. 40 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங் மட்டும் வாங்கி, இருக்கும் ஷாக் அப்சார்பரோடு போடலாம் என்று இருக்கிறேன். ஈர்ப்பு மையம் இறங்கினால் வண்டி ரோட்டைப் பிடித்து ஓடும்தானே? கொஞ்சம் தூக்கிப் போடும், அவ்வளவுதானே?

பிப்ரவரி 4, இரவு

40 வேண்டாம். 25 மி.மீ.க்குள் நில்லுங்கள். ஷாக்கையும் சேர்த்து மாற்ற இப்போது முடியாது என்றால் ஸ்பிரிங்கையும் வாங்காமல் காத்திருங்கள்.

எல்லோரும் ஈர்ப்பு மையத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள், அதனால் அந்தக் கணக்கை முதலில் போட்டுவிடுவோம். 1,200 கிலோ வண்டி, ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 55 செ.மீ., இடது வலது டயர்களுக்கு நடுவே 150 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.5 ஜி (வண்டியின் எடையில் பாதி) பக்கவாட்டு விசையில் வளைவு எடுத்தால் உள்பக்க டயர்களிலிருந்து வெளிப்பக்க டயர்களுக்கு 220 கிலோ பாரம் மாறும். 40 மி.மீ. தாழ்த்தினால் அது 204 கிலோ. குறைவது 16 கிலோ. ஆதாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்காகச் சக்கரம் மேலே ஏற இருக்கும் இடத்தில் பாதியைக் கொடுக்கிறீர்கள்.

தாழ்த்திய வண்டி வளைவில் சாயாமல் போவதாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் காரணம் புது ஸ்பிரிங் கடினமாக இருப்பது. உயரம் குறைந்ததன் பங்கு அதில் சிறிது. சாய்வுதான் உங்கள் குறை என்றால் அதைத் தீர்க்க வேறு வழிகள் இருக்கின்றன, பிறகு எழுதுகிறேன்.

பிப்ரவரி 5

நேற்று போட்ட கணக்கோடு ஒன்று சேர்க்க வேண்டும். வண்டி முழுவதும் 40 மி.மீ. இறங்குவதில்லை. சக்கரம், டயர், பிரேக், ஹப் எல்லாம் இருந்த உயரத்திலேயே இருக்கும். பாடியும் எஞ்சினும் மட்டும்தான் இறங்கும். ஆகவே 16 கிலோ என்பதும் சற்று தாராளமான எண்.

பிப்ரவரி 6

அந்தப் "பாதி"யைப் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டும். தாழ்த்துவதில் தினசரி ஓட்டத்தைத் தொடுகிற விஷயம் எல்லாமே இங்கிருந்துதான் கிளம்புகிறது.

வண்டி நிற்கும் நிலையிலிருந்து சக்கரம் மேலே எவ்வளவு ஏற முடியும் என்பதை அமுங்கும் தூரம் என்று சொல்கிறேன். உங்கள் வண்டியில் அது 80 மி.மீ. என்று வைப்போம். 40 தாழ்த்தினால் மீதி 40. ஒரு பள்ளத்திலோ வேகத்தடையிலோ பாடி கீழே வருகிற வேகம் மாறப் போவதில்லை. அதே அடியை 80 மி.மீ.க்குள் வாங்கிக்கொண்டிருந்த ஸ்பிரிங் இப்போது 40 மி.மீ.க்குள் வாங்க வேண்டும். ஸ்பிரிங் சேமிக்கும் ஆற்றல் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. தூரம் பாதியானால் ஸ்பிரிங் நான்கு மடங்கு கடினமாக இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் லோயரிங் ஸ்பிரிங் 20, 30 சதவீதம்தான் கூடுதல் கடினம். நான்கு மடங்கு போட்டால் யாரும் அந்த வண்டியில் உட்கார மாட்டார்கள்.

மீதி அடியைப் பம்ப் ஸ்டாப் வாங்குகிறது. ஷாக்கின் தண்டில் மாட்டியிருக்கும் அந்த நுரை பாலியூரித்தேன் துண்டு, எப்போதாவது வரும் பெரிய அடிக்காக வைத்தது. தாழ்த்திய வண்டியில் அது அன்றாடம் வேலை செய்யும் இரண்டாவது ஸ்பிரிங் ஆகிவிடும். தொட்டவுடன் விசை செங்குத்தாக ஏறும். நேர்ச்சாலையில் அது 'டம்' என்று முதுகில் தெரியும். வளைவில் அப்படித் தொட்டால் விஷயம் வேறு: வெளிப்பக்க முன்சக்கரம் ஸ்டாப்பில் உட்கார்ந்ததும் அந்த மூலையின் கடினம் திடீரென்று பல மடங்காகும், டயர் பிடியை விடும், ஸ்டீயரிங் திருப்பியிருந்தும் வண்டி வெளியே தள்ளிக்கொண்டு போகும். நடுவளைவில் ஒரு சின்னப் பள்ளம் போதும் இதற்கு.

என் பழைய செடான் முந்தைய உரிமையாளர் தாழ்த்தி வைத்திருந்த வண்டி. நகரத்துக்குள் மெதுவாகப் போகும்போது எந்தக் குறையும் தெரியாது. பாலத்தின் இணைப்புகள் மேல் வேகமாகப் போனால் பின்பக்கம் ஒவ்வொரு இணைப்பிலும் குதித்து ஒரு விரற்கடை பக்கவாட்டில் நகரும். பின்சீட்டில் அப்பா உட்கார்ந்திருந்தால் வேகத்தடை வருவதற்கு முன்பே மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை. வண்டியின் குறையை அவர் கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பிப்ரவரி 6, சற்று நேரம் கழித்து

எப்படி அளப்பது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஷாக்கின் தூசி உறையை மேலே தூக்கி, பளபளப்பான தண்டில் ஒரு மெல்லிய கேபிள் டை கட்டி, ஷாக்கின் உடல் வரை கீழே தள்ளிவிடுங்கள். தண்டில் கீறல் விழாத அளவுக்குத் தளர்வாக. வழக்கமான பாதையில் வழக்கமான வேகத்தில் ஓட்டுங்கள். திரும்பி வந்து டை எங்கே நிற்கிறது என்று பார்த்தால் எவ்வளவு அமுங்கியது என்று தெரியும். அங்கிருந்து பம்ப் ஸ்டாப்பின் அடிப்பகுதி வரை இருக்கும் இடைவெளிதான் உங்களிடம் மிச்சம் இருப்பது. ஸ்பிரிங் வாங்குவதற்கு முன்னால் இந்த ஒரு அளவை எடுத்துவிடுங்கள். விலைப்பட்டியலில் இருக்கும் எந்த எண்ணையும்விட இது முக்கியம்.

பிப்ரவரி 10

மேக்ஃபர்சன் வண்டிகளில் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய ஒரு பெரிய சங்கதி: ரோல் சென்டர்.

வண்டி வளைவில் சாயும்போது பாடி ஒரு கற்பனைப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறது. ஈர்ப்பு மையத்துக்கும் அந்தப் புள்ளிக்கும் உள்ள தூரம்தான் பாடியைச் சாய்க்கும் நெம்புகோல். ஸ்ட்ரட் வண்டியில் அந்தப் புள்ளி எங்கே இருக்கும் என்பதை லோயர் ஆர்மின் (சக்கரத்தின் அடிப்பக்கத்தைப் பாடியோடு இணைக்கும் கை) சரிவு தீர்மானிக்கிறது. ஒரிஜினல் உயரத்தில் ஆர்மின் சக்கரப் பக்க முனை சற்றுத் தாழ்ந்தோ சமமாகவோ இருக்கும். வண்டியைத் தாழ்த்தினால் அந்த முனை மேலே போய் ஆர்ம் எதிர்ப்பக்கம் சரியும். ரோல் சென்டர் பாடியைவிட வேகமாக இறங்கும், தரைக்குக் கீழேகூடப் போகும்.

எண்ணில் பார்ப்போம். ஈர்ப்பு மையம் 550 மி.மீ., ரோல் சென்டர் 80 மி.மீ., நெம்புகோல் 470. தாழ்த்தியபின் ஈர்ப்பு மையம் 510, ரோல் சென்டர் தரைக்குக் கீழே 10 மி.மீ. என்று வையுங்கள். நெம்புகோல் 520. வண்டி தாழ்ந்திருக்கிறது, பாடியைச் சாய்க்கும் திருப்புவிசை 10 சதவீதம் கூடியிருக்கிறது! கூடுதல் கடினமான ஸ்பிரிங் அதை மறைத்துவிடுவதால் யாருக்கும் தெரிவதில்லை.

ஆர்ம் எதிர்ப்பக்கம் சரிந்தபின் இன்னொன்றும் நடக்கும். நல்ல உயரத்தில் சக்கரம் மேலே ஏற ஏற டயரின் மேல்முனை உள்ளே சாயும், வளைவில் அதுதான் வேண்டும். ஸ்ட்ரட்டுக்கும் ஆர்முக்கும் நடுவில் உள்ள கோணம் செங்கோணத்தைத் தாண்டிவிட்டால் இது தலைகீழாகும்: ஏற ஏற டயர் வெளியே சாயும், வெளிவிளிம்பில் நிற்கும்.

டை ராடும் (ஸ்டீயரிங்கிலிருந்து வந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பி) இப்படித்தான். டை ராடும் லோயர் ஆர்மும் ஒரே வில்லில் அசையும்படி ஒரிஜினல் உயரத்துக்கு அமைத்திருப்பார்கள். உயரம் மாறினால் இரண்டும் வேறு வேறு வில்லில் அசையும், மேடு பள்ளத்தில் ஸ்டீயரிங்கைத் தொடாமலே சக்கரம் திரும்பும். பம்ப் ஸ்டீர் என்பது இது. ஒரு கை மட்டும் வைத்து ஓட்டினால் உடனே உணரலாம். சாலையில் தாரை ஒட்டுப் போட்ட இடங்களில் வண்டி தானாகத் தலையை ஆட்டும்.

நீட்டிய பால் ஜாயின்ட்டும் (ஆர்மின் சக்கரப் பக்க முனையில் உள்ள குமிழ் மூட்டு) அதற்குப் பொருந்தும் டை ராட் முனையும் போட்டால் இவற்றில் பெரும்பகுதி சரியாகிவிடும். இரண்டையும் சேர்த்துப் போட வேண்டும். பால் ஜாயின்ட்டை மட்டும் மாற்றினால் பம்ப் ஸ்டீர் இன்னும் மோசமாகலாம். எல்லா வண்டிக்கும் இவை கிடைப்பதில்லை. கிடைக்காத வண்டியை 20, 25 மி.மீ.க்கு மேல் தாழ்த்தாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

பிப்ரவரி 11

பின்பக்கம் டார்ஷன் பீம் என்பதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. தாழ்த்தினாலும் கேம்பர் (டயரின் மேல்முனை உள்ளேயோ வெளியேயோ சாயும் அளவு), டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) இரண்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆனால் பழைய வண்டியாக இருந்தால் பின் அச்சுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு சின்னக் கம்பியோ ஸ்பிரிங்கோ ஒரு வால்வோடு இணைந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பின்பக்கம் எவ்வளவு பாரம் ஏறியிருக்கிறது என்பதைப் பாடியின் உயரத்தை வைத்து அறிந்து பின் பிரேக்குக்கு அழுத்தம் விடும் வால்வு அது. தாழ்த்திய வண்டியைப் பார்த்தால் அதற்கு ஆள் ஏறிய வண்டி மாதிரிதான் இருக்கும். தனியாக ஓட்டும்போதும் பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் போகும், ஈரச் சாலையில் பின்சக்கரம் முதலில் லாக் ஆகும். அந்த இணைப்பைப் புது உயரத்துக்குச் சரிசெய்தே ஆக வேண்டும். பெரும்பாலான புதிய வண்டிகளில் இது இல்லை, ஏபிஎஸ் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

பிப்ரவரி 15

"கொஞ்சம் தூக்கிப் போடும்" என்றால் எவ்வளவு?

பாடி ஸ்பிரிங் மேல் ஒரு விநாடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்பதை வைத்து இதை அளப்பார்கள். சொகுசான வண்டி 1 ஹெர்ட்ஸ் அருகே இருக்கும், சாதாரணக் கார்கள் 1.2, 1.5, ஸ்போர்ட்ஸ் கார்கள் 2 வரை. 1.2 ஹெர்ட்ஸ் வண்டி தன் எடையிலேயே ஸ்பிரிங்கை ஏறக்குறைய 170 மி.மீ. அமுக்கி நிற்கும், 1.5இல் 110; 2இல் 62. ஸ்பிரிங்கை 30 சதவீதம் கடினமாக்கினால் 1.2 என்பது 1.37 ஆகும். தாங்கக்கூடியதுதான். தாழ்த்திய வண்டி முதுகை உடைப்பதற்கு ஸ்பிரிங்கின் கடினத்தைக் குறை சொல்வது நியாயமில்லை என்பதற்காகத்தான் இந்த எண்களைச் சொல்கிறேன். நன்றாக அமைத்த 1.5 ஹெர்ட்ஸ் வண்டியில் நாள் முழுக்க உட்காரலாம். முதுகை உடைப்பது பம்ப் ஸ்டாப்பும் பொருந்தாத ஷாக்கும்.

ஷாக் ஏன் பொருந்தாது? ஸ்பிரிங் கடினமானால் அது திரும்பி விரியும் வேகமும் கூடும், அதை அடக்கத் தணிப்பும் கூட வேண்டும். 30 சதவீதம் கடினமான ஸ்பிரிங்குக்கு 14 சதவீதம் கூடுதல் தணிப்பு வேண்டும். புது ஷாக்காக இருந்தால் இந்த வித்தியாசத்தை ஓரளவு சமாளிக்கும். நிறைய ஓடிய ஷாக் ஏற்கெனவே பலவீனமாக இருக்கும். அதன் மேல் கடினமான ஸ்பிரிங்கை வைத்தால் ஒவ்வொரு மேட்டுக்கும் பிறகு வண்டி இரண்டு முறை கூடுதலாக ஆடும். அதோடு அதன் பிஸ்டன் இதுவரை ஓடாத, தேயாத பகுதியில் ஓட ஆரம்பிக்கும். சீல் கசிவதும் அதன்பின் நடக்கும்.

முன்பக்கம் மட்டும் கடினமான ஸ்பிரிங் போடும் பழக்கமும் உண்டு. அதையும் செய்யாதீர்கள். 1930களில் ஜெனரல் மோட்டார்ஸில் மாரிஸ் ஆலி என்ற பொறியாளர் காட்டிய விஷயம்: பின்பக்கத்தின் ஆட்டம் முன்பக்கத்தைவிடச் சற்று வேகமாக இருக்க வேண்டும். மேட்டில் முதலில் முன்பக்கம் ஏறும், பிறகுதான் பின்பக்கம். தாமதமாக ஆடத் தொடங்கும் பின்பக்கம் வேகமாக ஆடி முன்பக்கத்தை எட்டிப் பிடித்தால் இரண்டும் சேர்ந்து மேலும் கீழும் போகும், தலை முன்னும் பின்னும் ஆடாது. முன்பக்கத்தை மட்டும் இறுக்கினால் இந்த ஒழுங்கு கலைந்து வண்டி முழுக்க ஊஞ்சலாடும். பின்சீட்டில் குழந்தைகளுக்கு வாந்தி வருவதுவரை போகும் விஷயம்.

பிப்ரவரி 16

காயிலோவர் (உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தொகுப்பு) பற்றிக் கேட்டவருக்கு. ஸ்பிரிங் தட்டை மேலே திருகினால் ஸ்பிரிங் "கடினமாகிறது" என்று பரவலாகச் சொல்கிறார்கள். சீரான ஸ்பிரிங்கில் அப்படி ஆகாது. வண்டியின் எடைக்கு அது அமுங்கும் அளவு அதேதான், பாடி மட்டும் உயரும். தட்டைத் திருகி உயரத்தை மாற்றும் வகையில், கீழே இறக்கினால் அமுங்கும் தூரம் அவ்வளவுக்குக் குறையும். கீழ் உடலையே திருகி நீளத்தை மாற்றும் வகையில் ஷாக்கின் தூரம் அப்படியே இருக்கும், ஆனால் டயர் ஆர்ச்சில் இடிக்கிறதா, டிரைவ் ஷாஃப்ட்டின் கோணம் அளவுக்குள் இருக்கிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். தினசரி வண்டிக்கு இரண்டாவது வகை நல்லது. மழையிலும் சேற்றிலும் ஓடும் வண்டியில் திருகு இழைகளைச் சுத்தம் செய்து துரு தடுக்கும் எண்ணெய் தடவிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் இறுகிப்போகும், அப்புறம் அது உயரம் மாற்றும் சஸ்பென்ஷன் இல்லை.

பிப்ரவரி 19

"ஸ்பிரிங்கை ஒரு சுற்று வெட்டிவிட்டால் காசு மிச்சம்தானே?"

வேண்டாம். கணக்கு ரீதியாக, ஆறு சுற்று ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் அது 20 சதவீதம் கடினமாகும் என்பது சரி, சுற்றுகள் குறைந்தால் கடினம் கூடும். பிரச்சினை முனையில். ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றைத் தட்டில் சரியாக உட்காரும் வடிவத்தில் வளைத்திருப்பார்கள். அதை வெட்டினால் கூரான முனை ஒரே புள்ளியில் அழுத்தும். இன்னும் ஆபத்தானது, சக்கரம் முழுவதும் கீழே தொங்கும்போது வெட்டிய ஸ்பிரிங் தட்டில் தளர்ந்து நகரும், திரும்ப ஏறும்போது வேறு இடத்தில் உட்காரும். வேகத்தடையைத் தாண்டிச் சக்கரம் ஒரு கணம் காற்றில் நிற்கும்போது இது நடக்கிறது. நல்ல காயிலோவர்களில் ஹெல்ப்பர் ஸ்பிரிங் என்று ஒரு மெல்லிய ஸ்பிரிங் இருப்பதே இப்படித் தளராமல் பிடித்து வைக்கத்தான்.

தீ வைத்துச் சூடாக்கி அமுக்குவது இதைவிடக் கேடு. ஸ்பிரிங் எஃகின் பலம் முழுவதும் அதைச் சூடாக்கிக் குளிர்வித்துப் பதப்படுத்திய முறையில் இருக்கிறது. டார்ச் பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். சில வாரத்தில் இன்னும் தொய்யும், அல்லது உடையும். உடைந்த ஸ்பிரிங்கின் முனை டயரைக் கிழிக்கும். இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேசத் தயாராக இல்லை, மற்றவர்களும் அந்தச் சாலையில் வருகிறார்கள்.

பிப்ரவரி 24

"பந்தயக் கார்கள் தரையைத் தொட்டுக்கொண்டு ஓடுகின்றனவே" என்பதற்கு.

அவை காற்றுக்காகத் தாழ்ந்திருக்கின்றன. அடியில் ஓடும் காற்று வண்டியைத் தரையோடு உறிஞ்சும். 1981இல் ஃபார்முலா ஒன் விதி, நிற்கும் காருக்கு அடியில் 6 செ.மீ. இடைவெளி வேண்டும் என்றது. பிரபாம் அணியின் வடிவமைப்பாளர் கார்டன் மரே, ஓடும்போது காற்றின் அழுத்தத்தால் தானாக அமுங்கி, வேகம் குறைந்ததும் மெல்ல எழும் ஹைட்ரோநியூமேட்டிக் சஸ்பென்ஷனைப் போட்டார். அளக்கும்போது 6 செ.மீ., ஓடும்போது தரையோடு. மற்ற அணிகளும் பின்தொடர்ந்தன. அந்தக் காலத்துக் கார்களில் சஸ்பென்ஷன் அசையவே அசையாத அளவுக்கு இறுகிப்போய், ஓட்டுநர்கள் உடம்பு தாங்கவில்லை என்று புலம்பினார்கள். 1983இல் அடிப்பகுதி தட்டையாக இருக்க வேண்டும் என்று விதி வந்த பிறகுதான் அது ஓய்ந்தது. பந்தயச் சாலையின் மழமழப்பிலேயே அந்த நிலை.

நேர் எதிர் உதாரணம், 1955இல் வந்த சிட்ரோயன் டிஎஸ். வாயுவும் எண்ணெயும் சேர்ந்த சஸ்பென்ஷன், எவ்வளவு பாரம் ஏற்றினாலும் உயரம் மாறாது. பள்ளமான பாதை வந்தால் ஓட்டுநரே நெம்புகோலைத் தள்ளி உயர்த்திக்கொள்ளலாம். தாழ்வாக ஓட வேண்டிய நேரம் ஒன்று, உயரமாக ஓட வேண்டிய நேரம் வேறு என்று ஒப்புக்கொண்ட வண்டி அது. எனக்கு மிகவும் பிடித்த சஸ்பென்ஷன் அதுதான், ஒருமுறை பின்சீட்டில் உட்கார்ந்ததோடு சரி.

பிப்ரவரி 25

நேற்று எழுதிக்கொண்டே போனதில் விட்டுப்போனது. தொழிற்சாலையிலிருந்தே தாழ்த்தி வரும் வண்டிக்கும் இந்தச் சிக்கல் உண்டு. டெஸ்லா மாடல் எஸ் காற்று சஸ்பென்ஷனில் நெடுஞ்சாலை வேகத்தில் தானாகத் தாழும். 2013இல் சாலையில் கிடந்த உலோகப் பொருட்கள் மோதி பேட்டரியில் தீப்பிடித்த சம்பவங்களுக்குப் பிறகு, அந்த வேகத்தில் வண்டி கூடுதல் உயரத்தில் நிற்கும்படி மென்பொருளை மாற்றினார்கள். 2014இல் அடியில் டைட்டானியக் கவசமும் சேர்த்தார்கள். உங்கள் ஹேட்ச்பேக்கில் அந்த இடத்தில் இருப்பது ஆயில் சம்ப், அதாவது எஞ்சின் எண்ணெய்த் தொட்டி. அடியில் கவசம் இல்லையென்றால் தாழ்த்துவதற்கு முன் அதை முதலில் போடுங்கள்.

மார்ச் 2

மாட்டும் வேலை. இதில் பெரும்பாலான மெக்கானிக்குகள் விட்டுவிடும் ஒன்றை முதலில் சொல்கிறேன்.

லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்கள் வெளியேயும் உள்ளேயும் உலோகத்தோடு ஒட்டியவை. ஆர்ம் அசையும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு அசையும். வண்டியை லிஃப்டில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கினால் அந்தத் தொங்கும் நிலையே ரப்பருக்கு ஓய்வு நிலை ஆகிவிடும். தரையில் இறக்கியதும் ரப்பர் முழு நேரமும் முறுக்கிய நிலையில் இருக்கும், சீக்கிரம் கிழியும், வண்டி சரியான உயரத்துக்கு உட்காரவும் செய்யாது. ஸ்பிரிங் மட்டும் மாற்றி, புஷ் போல்ட்டைத் தொடவே இல்லை என்றாலும் இதே கதைதான், பழைய உயரத்தில் இறுக்கியது அப்படியே முறுக்கிக்கொண்டு நிற்கும். எல்லாப் போல்ட்டையும் தளர்த்தி, வண்டியைத் தன் எடையில் நிறுத்தி, ஒருமுறை முன்னும் பின்னும் தள்ளி, பிறகு இறுக்க வேண்டும். நீங்கள் பக்கத்தில் நின்று கேளுங்கள். கேட்டால் செய்வார்கள்.

உயரத்தைத் தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் காற்று மாறினாலே அது மாறும். சக்கரத்தின் மையத்திலிருந்து ஆர்ச்சின் விளிம்பு வரை அளந்து, மாற்றுவதற்கு முன்னும் பின்னும் நான்கு மூலைக்கும் எழுதி வையுங்கள்.

வீல் அலைன்மென்ட் உடனே ஒருமுறை, ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகு மீண்டும் ஒருமுறை. ஹெட்லைட்டின் குறியையும் சரிபார்க்க வேண்டும். முன்பக்கமும் பின்பக்கமும் வேறு வேறு அளவு இறங்கியிருந்தால் வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணில் போகும் அல்லது பத்தடியில் தரையில் விழும். முன்னால் கேமராவோ ரேடாரோ உள்ள வண்டி என்றால் அதற்கும் அளவு திருத்தம் தேவைப்படலாம். பதிவுச் சான்றுக்கும் காப்பீட்டுக்கும் இந்த மாற்றம் ஒத்துவருமா என்று உங்கள் ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 3

டயர் உள்விளிம்பில் தேய்வதற்கு எல்லோரும் கேம்பரைத் திட்டுகிறார்கள். ஒன்றரை டிகிரி கேம்பரில் ஒழுங்காகத் தேயும் டயர்களைப் பார்த்திருக்கிறேன். டோ தவறியிருந்தால் சக்கரம் உருண்டுகொண்டே பக்கவாட்டில் இழுபடும், அதுதான் ரப்பரைச் சீவி எடுக்கும். தாழ்த்தும்போது டை ராட்டின் கோணம் மாறுவதால் டோ கட்டாயம் மாறும். அலைன்மென்ட் செய்யாமல் ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைத்தால் நல்ல டயர் ஒன்றுக்கு அந்த ஒரு வாரமே கேடு.

மார்ச் 9

கேள்வி கேட்டவர் அளந்து வந்திருக்கிறார். முன்பக்கம் நிற்கும் நிலையிலிருந்து பம்ப் ஸ்டாப் வரை 60 மி.மீ., வழக்கமான பாதையில் அதில் 45 பயன்படுகிறது. நான் போட்ட 80 என்ற எண்ணைவிடக் குறைவு.

ஆகவே முதல் நாள் நான் சொன்ன 25ஐ இப்போது வேறு விதமாகச் சொல்கிறேன். எந்த எண்ணும் எல்லா வண்டிக்கும் பொருந்தாது. ஸ்டாப் வரை உள்ள தூரத்தில் மூன்றில் ஒன்றுக்கு மேல் எடுக்காதீர்கள். உங்களுக்கு அது 20. அதைத் தாழ்த்தினாலே மீதி 40, நீங்கள் தினமும் பயன்படுத்துவது 45. ஸ்பிரிங் 25 சதவீதம் கடினம் என்றால் அந்த 45 ஏறக்குறைய 40 ஆகக் குறையும். சரியாக விளிம்பில் நிற்கிறீர்கள். 40 மி.மீ. ஸ்பிரிங் போட்டிருந்தால் மீதி 20. வீட்டு வாசலைத் தாண்டும்போதே ஸ்டாப்பைத் தொட்டிருப்பீர்கள்.

பாரத்தின் கணக்கும் இருக்கிறது. பின் அச்சில் ஆட்களும் பெட்டிகளுமாக 200 கிலோ கூடுதலாக ஏறுகிறது என்று வையுங்கள். சக்கரத்தில் மி.மீ.க்கு 25 நியூட்டன் உள்ள ஸ்பிரிங் என்றால் பின்பக்கம் 40 மி.மீ. இறங்கும். தாழ்த்திய வண்டியில் அந்த 40 எங்கிருந்து வரும் என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்பிரிங்குக்குப் பணம் கட்ட வேண்டும்.

மார்ச் 10

வேகத்தடையில் வயிறு தட்டுமா என்பதற்கும் கணக்கு இருக்கிறது. வீல்பேஸ் 2.5 மீட்டர், நடுவில் 170 மி.மீ. இடைவெளி என்றால் வண்டி தட்டாமல் தாண்டக்கூடிய முகட்டின் கோணம் 15.5 டிகிரி. இடைவெளி 130 ஆனால் 12 டிகிரிக்குச் சற்றுக் கீழ். 150 என்றால் 13.7. முன்பக்க லிப் (பம்பரின் கீழ் விளிம்பு) தரையிலிருந்து 200 மி.மீ., சக்கரம் தொடும் இடத்திலிருந்து 800 மி.மீ. முன்னால் என்றால் ஏறக்கூடிய சரிவு 14 டிகிரி, 160 மி.மீ. ஆனால் 11. அடித்தள வாகன நிறுத்தத்துக்கு இறங்கும் சரிவுகளில் இந்த மூன்று டிகிரிதான் லிப்பைக் கழற்றிவிடும். கோணமாக ஏறிச் சமாளிக்கலாம், நானும் அப்படித்தான் ஏறுகிறேன், பின்னால் வண்டி நிற்காதபோது.

மார்ச் 16

சாய்வுக்கு வேறு வழி என்று முதல் நாள் சொல்லிவிட்டு எழுதாமலே இருந்தேன்.

அந்த வண்டிக்கு நான் செய்யும் வரிசை இது. முதலில் டயர்: பழசாகிப்போன டயரில் வேறு எதை மாற்றினாலும் தெரியாது. ரிம் பெரிதாகிப் பக்கச்சுவர் குட்டையான டயர் வேண்டாம், பக்கச்சுவர்தான் சாலையைத் தொடும் முதல் ஸ்பிரிங். அடுத்து தரமான ஷாக், ஒரிஜினல் ஸ்பிரிங்கோடு. இந்த ஒன்றிலேயே "சாய்கிறது" என்ற குறையில் பாதி போய்விடும், ஏனென்றால் பல நேரங்களில் உறுத்துவது சாய்வின் அளவு அல்ல, தேய்ந்த ஷாக்கில் வண்டி சடாரென்று சாய்ந்து விழும் வேகம். சாய்வு மெதுவாக, ஒரே சீராக வந்தால் உடம்பு அதைப் பொருட்படுத்துவதில்லை. 1960களின் லோட்டஸ் எலான் மென்மையான ஸ்பிரிங்கும் நல்ல தணிப்பும் வைத்துத்தான் வளைவில் பெயர் வாங்கியது.

அதன் பிறகும் போதவில்லை என்றால் பின்பக்கத்துக்குச் சற்றுத் தடிமனான ஆன்டி-ரோல் பார் (இடது வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைத் தடுக்கும் முறுக்குக் கம்பி). நேர்ச்சாலையில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும்போது அது குறுக்கே வராது, வளைவில் மட்டும் வேலை செய்யும். ஒரே பக்கப் பள்ளத்தில் கொஞ்சம் தலையை ஆட்டும். முன்சக்கரங்களால் ஓடும் வண்டி வளைவில் வெளியே தள்ளுவதையும் அது குறைக்கும். அளவு மீறினால் மழையில் பின்பக்கம் வழுக்கும், அதனால் ஒரிஜினலைவிட ஒரு படி மேல் போதும்.

இவ்வளவும் செய்த பிறகு 20 மி.மீ. ஸ்பிரிங். என் இப்போதைய வண்டி அப்படித்தான் இருக்கிறது. ஆர்ச்சின் இடைவெளி பாதி நிறைந்த மாதிரி தெரிகிறது, அழகாகவே இருக்கிறது. அழகுக்காகத் தாழ்த்துவதில் எந்தத் தவறும் இல்லை. தினமும் பார்க்கிற வண்டி கண்ணுக்குப் பிடித்திருக்க வேண்டும். அப்பாவும் இப்போது கைப்பிடியைத் தேடுவதில்லை.

மார்ச் 18

பம்ப் ஸ்டாப்பை வெட்டினால் தூரம் கிடைக்குமே என்று கேட்டதற்கு: ஸ்பிரிங் தயாரிப்பாளர் எவ்வளவு வெட்ட வேண்டும் என்று தாளில் கொடுத்திருந்தால் அந்த அளவு மட்டும். எந்த முனை என்பதையும் பாருங்கள். மெலிந்த முனை மெதுவாக விசையை ஏற்றுவதற்காக இருக்கிறது, அதை விட்டுவிட்டுத் தடித்த பக்கத்தில்தான் வெட்ட வேண்டும். தாளில் ஒன்றும் இல்லை என்றால் தொடாதீர்கள். ஸ்டாப் குட்டையானால் ஷாக்கின் பிஸ்டன் அடி வால்வில் போய் இடிக்கும், டயர் ஆர்ச்சின் உள்ளே இடிக்கும். வெட்டிய பிறகு ஸ்பிரிங் இல்லாமல் ஜாக்கி வைத்துச் சக்கரத்தை முழுவதும் மேலே ஏற்றி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, எங்கும் உரசவில்லை என்று கண்ணால் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.